நான் விட்ட சிகரெட்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்துவிட்டு மோனோரயிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று மாம்பழ வாசம். மாம்பழ சீசனும் இல்லை, பக்கத்தில் பழக்கடையும் இல்லை. தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், வெள்ளை யூனிபார்மில் ஒரு பயிற்சித் தாதிப் பெண், பேனா மாதிரி ஒரு மின்சிகரெட்டை வாயில் வைத்து மாம்பழமாக ஊதிக்கொண்டிருந்தது. என் முழியைப் பார்த்ததும், "சோரி ஆன்டி" என்று அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டது. ஒளித்து வைக்கிற இடம் மட்டும் இன்னும் மாறவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் காலத்தில் பழ வாசமெல்லாம் கிடையாது, கிராம்பு வாசம்தான். கிள்ளானில் நான் தாதிப் பயிற்சி எடுத்தபோது என் அறைத்தோழி பிலோமினா பிடித்தது கிரெத்தெக், அதாவது கிராம்பு கலந்த இந்தோனேசியச் சிகரெட். பற்றவைத்தால் பக்கத்து அறையில் யாரோ பிரியாணிக்குத் தாளிப்பது போலிருக்கும். வகுப்பில் கறுத்துப்போன நுரையீரல் படத்தைப் பார்த்து முதலில் "ஐயோ பாவம்" என்பவள் அவள்தான். இடைவேளையில் விடுதியின் பின்படிக்குக் கீழே முதலில் போய் நிற்பவளும் அவள்தான். கேட்டால், "படம் பாத்ததுல டென்ஷன் ஆயிருச்சு லா" என்பாள். அங்கே ஒரு கூட்டமே நிற்கும். நாளைக்கு நோயாளிகளிடம் "சிகரெட்ட விடுங்க அங்கிள்" என்று சொல்லப்போகிற கூட்டம். உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் தொட்டதே இல்லை. புகை பட்டாலே தும்முவேன்.

ஒரு நாள் மேட்ரன் அறைச் சோதனைக்கு வந்தார். சாதாரண நேரத்தில் அவருக்கு ஆங்கிலம், கோபம் வந்தால் தமிழ். எங்கள் இருவருக்கும் பொதுவான அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"யாருதுடி இது?"

தமிழ். பிலோ ஏற்கெனவே ஒரு முறை மாட்டியவள். மறுபடி மாட்டினால் படிப்பே போய்விடும். அவள் அப்பா போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டுபவர். "எம் மவ மிஸ்ஸி ஆகப்போறா" என்று துறைமுக வாசலில் காத்து நிற்கிற அத்தனை லோரிக்காரர்களிடமும் சொல்லி முடித்திருந்தார். மிஸ்ஸி என்றால் எங்கள் பக்கத்தில் தாதி. பிலோவின் முகம் வெளுத்துவிட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே, "என்னுது மேடம்" என்றது. கூடவே ஒரு தும்மலும் வந்தது. மேட்ரன் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார்.

முதல் தப்பு என்பதால் எனக்குக் கிடைத்த தண்டனை, சிகரெட்டை விடுவதற்கான கவுன்சலிங். மாணவிகளே ஒருவருக்கொருவர் கொடுத்துப் பழக வேண்டும் என்பது கல்லூரி வழக்கம். எனக்கு யாரைப் போட்டார்கள் என்கிறீர்கள்? பிலோமினாவைத்தான். ஒரே அறை, கூடவே இருந்து கண்காணிப்பாள் என்பது மேட்ரனின் நினைப்பு.

மேட்ரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் பிலோ என்னை "நீங்க" என்றாள்.

"காலைல எழுந்ததும் எவ்ளோ நேரத்துல மொத சிகரெட் பிடிப்பீங்க?"

எனக்கு என்ன தெரியும்? அவள் பழக்கத்தையே ஒப்பித்தேன். "பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே."

பிலோ முறைத்தாள். "எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"நுரையீரல் படம் பாத்தா டென்ஷன் ஆயிருது."

மேட்ரன் தலையில் அடித்துக்கொண்டார். ஆசை வரும்போது வாயில் ஒரு கிராம்பைப் போட்டு மெல்லும்படி பிலோ ஆலோசனை சொன்னாள். அதிலிருந்து மேட்ரன் கண்ணில் படும்போதெல்லாம் நான் கிராம்பு மென்றாக வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் மூச்சைச் சோதிக்கும் கருவியில் ஊதச் சொன்னார்கள். புகையின் சுவடே இல்லை.

"ஒரே வாரத்துல இவ்ளோ சுத்தமா! வில்பவர்னா இதான் லா!" என்று மேட்ரன் முதன்முறையாகச் சந்தோஷத்தில் தமிழ் பேசினார்.

விளைவு, பெற்றோரெல்லாம் வந்திருந்த புகையிலை எதிர்ப்புக் கூட்டத்தில் என்னை மேடையேற்றிவிட்டார்கள், சிகரெட்டை வென்ற மாணவி என்று. மெத்தடிஸ்ட் சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற என் அம்மாவுக்கு, மகள் சிகரெட் பிடித்த செய்தியும் விட்ட செய்தியும் ஒரே நேரத்தில் கிடைத்தன. எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலில் உண்மையைச் சொன்னேன்.

"கூட்டாளிக்காகத்தான்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க" என்றார். என் தலையை இழுத்து முகர்ந்தார். கிரெத்தெக் பிடித்தவள் மாதிரியே கிராம்பு மணந்தது. அத்தோடு என் வழக்கு முடிந்தது.

பிலோ படிப்பை முடித்தாள். அவள் அப்பா லோரி லோரியாகப் போய்க் கேக் கொடுத்தார். கொஞ்ச நாளில் சிகரெட்டையும் விட்டுவிட்டாள். "நீயே விட்டுட்ட, நான் விடலைன்னா அசிங்கமா இருக்காதா?" என்றாள். "நான் எங்கடி பிடிச்சேன்?" என்றால், "அது வேற விஷயம் லா."

எனக்குத்தான் கிராம்பு ஒட்டிக்கொண்டது. இன்றுவரை கைப்பையில் ஒரு டப்பி இருக்கிறது. என் அம்மா கட்டிப்பிடிக்கிற ரகம் இல்லை. ஆனால் அந்த ரயில் பயணத்துக்குப் பிறகு நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, முடியில் மூக்கை வைத்து நன்றாக இழுப்பார். "இன்னும் விடலையாடி?" என்பார். என் கல்யாணத்தன்றுகூட மல்லிகைக்கு நடுவே மூக்கை விட்டுத் தேடினார்.

கொரோனா வந்து போனபோது அம்மாவின் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கருவாடும் தெரியாது, பால் தீய்ந்தாலும் தெரியாது, ஆனால் அம்மா அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். தேறியபின் முதல் முறை நான் போனபோது வழக்கம்போல இழுத்து முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"விட்டுட்டியே! ஆண்டவர் கேட்டுட்டாரு."

வாய்க்குள் கிராம்போடு நின்றேன். அடுத்த முறை போனபோது அம்மா சமையலறையிலிருந்தே, "கை கழுவிட்டு உக்காரு" என்றார். கிட்டே வரவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான்.

விடுதியின் பின்படிக்குக் கீழே இப்போது கார் நிறுத்துகிறார்களாம். கிரெத்தெக் வாசம் என் மூக்கில் பட்டும் வெகுகாலம் ஆகிறது. அதெல்லாம் போகட்டும். எனக்கு வேண்டியது என் தலையில் வந்து இடிக்கிற அந்த மூக்குதான். ஒரு பாக்கெட் கிரெத்தெக் வாங்கி, மறந்துபோனது மாதிரி அம்மாவின் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வரலாமா என்று பார்க்கிறேன்.