ஓர் ஆட்டோ அளவு பள்ளிக்கூடம்

நேற்று பைபாஸில் ஒரு பள்ளி வேன் என் ஸ்கூட்டரை உரசிக்கொண்டு போனது. உள்ளே டை கட்டிய பிள்ளைகளின் கூச்சல். டிரைவரைத் திட்ட வாயெடுத்தேன். பொதட்டூர்பேட்டை ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்து தொலைத்தது. என் வயதில் திட்டுகூட நேரத்துக்கு வருவதில்லை.

இருபது வருஷத்துக்கு முன்பு ஆர்.கே.பேட்டை சாலையில், மாந்தோப்புக்குள், ஒரு மாற்றுப் பள்ளி இருந்தது. ஆறாவது முதல் எட்டாவது வரை. பரீட்சை, பெல், சீருடை எதுவும் கிடையாது. சென்னை சலித்துப்போய் வந்த அனிதா அக்கா நடத்தினார். வேறு வேலை கிடைக்காத நான் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் என்னை 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும் என்பது விதி. வழுக்கை விழத் தொடங்கியிருந்ததால் அந்த ஒரு கொள்கையை மட்டும் மனதார ஏற்றேன்.

பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் நெசவுக்கார வீட்டைச் சேர்ந்தவர்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் பிதுங்கி வருவார்கள். மிச்சத்தில் மெக்கானிக் பாயின் மகள் ஷபானா. பழைய பள்ளியில் அடி வாங்கிப் பேச்சே நின்றுபோய் வந்தவள். ஆட்டோ கும்பலோடு சேர்ந்து, "அண்ணா, கணக்கு உங்களுக்கே வரலியா?" என்று கேட்குமளவு தேறிவிட்டாள்.

அக்காவுக்கு நன்கொடை தரும் நண்பர்கள் வந்து, பள்ளியில் பன்மை போதாது, ஒரே சாதிப் பிள்ளைகளாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வாரம்தான் நெசவுக்கார முனிரத்தினம் கடைசி மகனைச் சேர்க்க வந்தார்.

"உங்க ஆளுங்க ஜாஸ்தி ஆயிடுச்சுங்க. எல்லா சமூகமும் கலந்து இருக்கணும்" என்றார் அக்கா.

"இன்னாம்மா, லுங்கிக்குக் கலர் பாக்குற மாதிரி புள்ளைங்கள பாக்குற?"

அவர் போனதும் நான் சொன்னேன்: "ஒருத்தன ரோட்ல நிறுத்திட்டு மத்ததுங்க ஆட்டோ ஏறாதுக்கா."

"அது அவங்க மனத்தடை. தாண்டி வரட்டும்."

திங்கட்கிழமை ஆட்டோ வரவில்லை. அப்புறமும் வரவில்லை. காலையில் ஒவ்வொரு வகுப்பும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது பள்ளி வழக்கம். எட்டாவதில் ஷபானாவும் நானும்தான் உட்கார்ந்தோம். இரண்டு பேர் உட்கார்ந்தால் அது வட்டமில்லை, கோடு. அந்த அளவு கணக்கு எனக்கே வரும். அக்கா எட்டிப் பார்த்து, "இப்பதான் பேலன்ஸ் சரியா இருக்கு" என்றார்.

பொங்கலுக்குள் பூட்டிவிட்டார்கள். இன்று அங்கே நீச்சல் குளத்தோடு ரிசார்ட். அக்கா சென்னையில் கிராமக் கல்வி பற்றிப் பேசுகிறார். கேட்க வருகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி ஆட்கள். அங்கே பன்மை பற்றி யாருக்கும் கவலையில்லை.

பாயின் பட்டறையும் இப்போது இல்லை. பள்ளி மூடிய கொஞ்ச நாளில் அங்கே போனபோது, ஸ்கூட்டர் பிளக்கைத் துடைத்தபடி சொன்னார்:

"ஷபானாவ பழைய ஸ்கூல்லயே சேத்துட்டேன் சார். வூட்டுக்கு வந்தா சொவத்த பாத்துகினு குந்திக்கிது. இன்னா கேட்டாலும் தலைய மட்டும்தான் ஆட்டுது."