பூட்டு அண்ணியும் பாதிக் கணக்கும்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. கோபம் வந்தால் கத்தமாட்டாள், பாத்திரத்தை உருட்டமாட்டாள். வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான். கணவர் ஒருமுறை கெஞ்சிக் கூத்தாடிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சாவி எங்கதான் இருக்கு?" என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. உள்ளுக்குள் அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு.

மருத்துவமனை ஆய்வகத்தில் செல்களை எண்ணுவது அவள் வேலை. பக்கத்து நாற்காலியில் அதே வேலை பார்ப்பவள் அவளுடைய நாத்தனார், வாய் ஓயாதவள். போன ஞாயிறு விருந்தாளிகளிடம், "அண்ணி குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கும்" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றைக்கு விழுந்த பூட்டு இன்னும் திறக்கவில்லை.

இன்று மாடியில் அறுவை அரங்கில் ஒரு சிறுமி மயக்கத்தில் குப்புறக் கிடக்கிறாள். நோயாளி அவளல்ல, அவளுடைய அண்ணன். அவனுக்காக அவள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்திருக்கிறார்கள். செல்கள் போதுமென்றால் எழுப்பிவிடுவார்கள். போதாதென்றால் மறுபடி ஊசி. அந்தச் சின்ன உடம்பிலிருந்து இதற்கு மேல் எடுப்பது ஆபத்து என்று டாக்டரே சொல்லியனுப்பியிருந்தார்.

மஜ்ஜையை அப்படியே எண்ண முடியாது. செல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நிற்கும். சம அளவு உப்புநீர் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு நுண்ணோக்கியில் எண்ணி, வந்ததை இரண்டால் பெருக்க வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் குறைந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பூட்டு எண்ணி முடித்து, எண்ணைத் தாளில் எழுதி இருவருக்கும் நடுவில் வைத்தாள். போதும், தாராளமாகப் போதும். நாத்தனார் நிமிர்ந்து அதைப் படித்தாள், முகம் வெளுத்தது.

"எனக்குச் சரியா பாதிதான் வருது அண்ணி."

தொலைபேசி அலறியது. நாத்தனார் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"என்னம்மா ஆச்சு? பிள்ளை மேசையில கெடக்கு," என்றார் டாக்டர்.

"ஒத்துப்போகல சார். குறைஞ்ச கணக்குப்படி போதாது."

"அப்ப வேற வழியில்ல. இன்னும் எடுக்கறேன்."

சரியாகப் பாதி. பூட்டு இரண்டு குழாய்களையும் திரும்பிப் பார்த்தாள். மஜ்ஜை வந்ததும் இரண்டு குழாயிலும் உப்புநீர் கலந்தது அவள்தான். 'கலந்தாச்சு' என்று சொல்ல வீம்பு விடவில்லை. குழாயை மட்டும் நாத்தனார் பக்கம் தள்ளிவைத்தாள். நாத்தனார் வழக்கம்போலத் தானும் ஒருமுறை கலந்திருக்கிறாள்.

"எடுக்காதீங்க சார்!" பேசாமல் கிடந்த தொண்டை கரகரத்தது. "ரெண்டு குழாயிலயும் நான் முன்னாடியே உப்புத்தண்ணி கலந்துட்டேன். இவகிட்ட சொல்லல. இவ மறுபடி கலந்துட்டா. தப்பு என்மேலதான். இன்னொரு தடவை எண்ண விடுங்க."

"சீக்கிரம்!"

நாத்தனார் கலக்காத மஜ்ஜைக் குப்பியிலிருந்து புதிதாக எடுத்துக் கலந்து குனிந்தாள். எதையும் இருமுறை எண்ணிவிடாதபடி மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் ஒட்டி நின்றவற்றைச் சேர்த்து, கீழேயும் வலப்பக்கமும் ஒட்டியவற்றை விட்டு, கட்டம் கட்டமாக எண்ணினாள். பூட்டு மூச்சுவிடவும் பயந்து நின்றாள். தன் வீம்புக்கு யார் பெற்ற பிள்ளையோ குத்துப்பட இருந்ததே என்று நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போதும் சார். ரெண்டும் ஒத்துப்போகுது."

"நல்லது. எழுப்பிடறோம்."

நாத்தனார் கண்ணாடியைக் கழுவினாள். மேசையைத் துடைத்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டாள். வாய் திறக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் தன்னைக் கட்டிய மனுஷன் இதை எப்படித்தான் தாங்கினாரோ என்று பூட்டுக்கு முதன்முறையாகத் தோன்றியது.

"திட்டவாவது திட்டேன்," என்றாள். "குறட்டையைப் பத்தி வேணும்னாலும் சொல்லு. ஏதாவது பேசேன்."

நாத்தனார் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.