சிவப்புப் பேனையால் வெட்டிய அலகு

உயர்தரப் பரீட்சையில் கணக்கீடு இரண்டாம் பத்திரம் முடிந்த அன்று பகல், என் கைத்தொலைபேசியை அணைத்து அலுமாரிக்குள் வைத்தேன். அதற்கு முன் வந்த மூன்று அழைப்புகளிலும் மாணவர்கள் ஒரே விடயத்தைத்தான் சொன்னார்கள். காசு வந்து போவதைக் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்று என்ற அலகு முழு வினாவாக வந்திருந்தது. அது வராது என்று அவர்களுக்குச் சொன்னவன் நான்.

முப்பத்தொரு வருடம் பாடசாலையில் வர்த்தகப் பாடம் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆரையம்பதியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர மாணவருக்குக் கணக்கீடு சொல்லிக்கொடுத்தேன். வர்த்தகப் பிரிவில் பல்கலைக்கழகம் போக எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டு அலையும் பிள்ளைகளும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கும் இளம் ஆசிரியர்களும் இதை வாசிக்க வேண்டும்.

1. இறுதிக் கருத்தரங்கு

எங்கள் பக்கத்து ரியூசன் வகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இறுதிக் கருத்தரங்கு வைப்போம். மாணவர்கள் பாடத்திட்டத் தாளையும் ஒரு சிவப்புப் பேனையையும் கொண்டு வருவார்கள். வகுப்பெடுக்கும் சேர் ஒவ்வோர் அலகாகப் பெயர் சொல்லுவார். வரும் என்றால் அடிக்கோடு, வராது என்றால் குறுக்கே ஒரு வெட்டு. மண்டபத்தில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள்.

நான் சொன்னது இரண்டு வருடம் அப்படியே பலித்துவிட்டது. கடந்தகால வினாத்தாள்களைப் பார்த்து யார் எண்ணினாலும் ஓரளவு பலிக்கும். அதில் என் திறமை எதுவும் இல்லை. ஆனால் கல்வி நிலைய முகாமையாளர் வாசலில் பெரிய பதாகை கட்டினார். "சேர் சொன்னால் வரும்" என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பதாகைக்குக் கீழே நடந்து போகும்போது எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்த வருடக் கருத்தரங்கில் காசுப் பாய்ச்சல் கூற்றின் முறை வந்தது. இரண்டு வருடம் அடுத்தடுத்து வந்துவிட்டது, மூன்றாம் வருடம் வராது, வெட்டுங்கள் என்றேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பினாள். பெயர் ரஜிதா, ஊர் மாங்கேணி. தகப்பன் கடற்றொழில். ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் ஏறி, பட்டினத்தில் பஸ் மாறி வருவாள். வழியில் அந்த பஸ் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே முகாமைத்துவம் படிக்கப் போவதாக அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் வீட்டில் அதுவரை யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியிருக்கவில்லை.

"சேர், இந்த அலகு நீங்க எங்களுக்கு இன்னும் படிப்பிக்கல்ல. இத வெட்டுறதா, இல்லாட்டி நாங்களாப் படிக்கிறதா?"

கேள்வி நியாயமானது. அதனால்தான் எனக்குச் சுட்டது.

"ஏன் புள்ள, பேப்பர் போடுற ஆக்கள் மாங்கேணிக்கு வந்து உன்னட்டச் சொல்லிற்றுப் போனவங்களா?"

மண்டபம் சிரித்தது. பின்வரிசையில் இருந்து ஒருவன், "கருவாடு வாங்க வந்திருப்பாங்க சேர்" என்றான். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்து, தாளைக் குனிந்து பார்த்து, குறுக்கே வெட்டினாள்.

யாரோ அந்தத் தாளைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டார்கள். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் என்னைக் கண்டிராத பிள்ளைகள்கூட அதைப் பார்த்து வெட்டியதாகப் பிறகு அறிந்தேன்.

2. முகாமையாளர் சொன்ன வழி

பரீட்சை முடிந்த மறுநாள் முகாமையாளர் வீட்டுக்கு வந்தார். அவர் பதறவில்லை. "ஒருத்தருக்கும் பதில் சொல்லப் போகாதங்க சேர். பேப்பர் போட்டவங்கட பிழை எண்டு விடுங்க. அடுத்த பெட்ச் தையில தொடங்குது" என்றார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் அவர் சொன்னபடியே செய்தேன். அடுத்த பெட்ச்சும் நிறைந்தது. புதுப் பிள்ளைகளிடம், வினாத்தாள் பாடத்திட்டத்தின் நோக்கத்துக்கே மாறாக அமைந்துவிட்டது என்று சொன்னேன். அவர்கள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

பெறுபேறு வந்தது. ரஜிதாவுக்குப் பொருளியலில் ஏ, வணிகக் கல்வியில் ஏ, கணக்கீட்டில் மட்டும் தேறுவதற்கான கடைசித் தரமான எஸ். பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. என் பேச்சைக் கேட்டு வெட்டாமல், வேறோர் ஆசிரியரிடம் அந்த அலகையும் படித்த இரண்டு பேர் வந்தாறுமூலைக்குப் போனார்கள். ரஜிதாவை வீட்டில் இரண்டாம் தரம் எழுத விடவில்லை. ஒரு தரம் எழுதிப் பார்த்தாயிற்றுத்தானே என்றார்களாம்.

3. நான் மறைத்தது

இதுவரை எழுதியது எங்கள் பகுதியில் பலருக்கும் தெரியும். தெரியாததை இனி எழுதுகிறேன்.

வினாத்தாள்களை எண்ணிப் பார்த்து நான் அந்த அலகை வெட்டவில்லை. அந்த அலகு எனக்குத் தெரியாது. பாடத்திட்டம் மாறியபோது காசுப் பாய்ச்சல் கூற்றைக் கணக்கீட்டு நியமப்படி தயாரிக்கும் முறை வந்தது. அப்போது நான் பாடசாலையில் இருந்தேன். மூன்று சனிக்கிழமைகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். மூன்று நாளும் வரவுப் பதிவில் கையெழுத்து வைத்துவிட்டு, தேநீர் இடைவேளைக்கு முன்பே வெளியேறி ரியூசனுக்குப் போனேன். பிறகு ஒருநாள் ஆசிரியர் வழிகாட்டியில் இருந்த மாதிரி வினாவைச் செய்து பார்த்தேன். ஆண்டிறுதிக் காசு மீதி சரிவரவில்லை. தேய்மானத்தை எங்கே திரும்பக் கூட்டுவது என்பதிலேயே தடுமாறினேன். புத்தகத்தை மூடிவிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் இன்னோர் ஆசிரியருடைய ரியூட்டை, அவர் அச்சடித்த பாடக்குறிப்பை, பிரதி எடுத்துக் கொடுத்து, வீட்டில் செய்து பாருங்கள் என்பேன். அந்த வருடம் அதையும் கொடுக்கவில்லை.

4. ஓட்டமாவடியில் ஒரு கடை

சென்ற வருடம் வீட்டில் உடுக்கச் சாரம் ஒன்று வாங்க ஓட்டமாவடியில் ஒரு புடவைக் கடைக்குள் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "வாங்க சேர்" என்றாள். ரஜிதா. எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் மேலே எழுதியதை அவளிடம் சொன்னேன்.

"புள்ள, அந்த அலகு வரும், வராது எண்டு நான் ஒண்டும் பார்க்கல்ல. எனக்கு அது தெரியா."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "ஓம் சேர். அண்டைக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா பிறகு ஏன் நீ வெட்டின?"

"எல்லாரும் சிரிச்சாங்களே சேர்."

பிறகு எந்த நிறத்தில் சாரம் வேண்டும் என்று கேட்டாள். நான் கையில் கிடைத்ததைக் காட்டினேன். அந்தச் சாரத்தை இதுவரை உடுக்கவில்லை.

அந்தக் கிழமையே ரியூசனை விட்டேன். முகாமையாளர் பதாகையில் இன்னொருவருடைய படத்தைப் போட்டார்.

எதைப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: பாடத்திட்டத்தில் உள்ள அனைத்தையும் படியுங்கள். உங்கள் சேர் எந்த அலகை அவசரமாகக் கடந்து போகிறாரோ, எதைக் கேட்டால் உங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கும்படி செய்கிறாரோ, அதை முதலில் படியுங்கள். ஆசிரியர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. தெரியாது என்று சொல்லுங்கள். ரஜிதா கேட்டபோது அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் அவள் தானாகவே படித்திருப்பாள். அவளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கடையில் இருந்து வந்த பிறகு பழைய ஆசிரியர் வழிகாட்டியைத் தேடி எடுத்து, அந்த மாதிரி வினாவுடன் உட்கார்ந்தேன். மூன்று காலைகளில் ஆண்டிறுதிக் காசு மீதி சரிவந்துவிட்டது.