துரை வந்தபோது எழுந்து நின்றேன்

"நீங்கெல்லாம் தொர உள்ள வந்தா எந்திரிச்சு நின்னுருவீங்க தங்கச்சி. ஓடிட்டுக்கு அது சரிவராது."

கண்டி நகரில் நான் பயிற்சி பெறும் கணக்காய்வு (ஓடிட்) அலுவலகத்தின் மேற்பார்வையாளர் அக்கா, என் விண்ணப்பத்தில் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட முகவரியைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே, பின்னேரம் மழை வரும் என்பதுபோலச் சொன்னார். அதனால்தான் அதிகம் சுட்டது.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கணக்கீடு, வரி, கணக்காய்வு என்று படித்து இறுதி நிலைப் பரீட்சையின் வாசலுக்கு வந்திருந்தேன். அதற்கு விண்ணப்பிக்க, வெளியிடங்களில் கணக்காய்வு செய்யத் தகுதியானவள் என்று பயிற்சிப் பதிவேட்டில் அக்கா கையெழுத்திட வேண்டும். அவரோ இரண்டு வருடமாக என்னை வரிக் கோப்புகளோடு அறைக்குள்ளேயே வைத்திருந்தார். யார் சொன்னாலும் சான்று கேட்க வேண்டும் என்று பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியவள் நான்.

ஆள் குறைந்த ஒரு நாள், வருட முடிவுக் கையிருப்பைச் சரிபார்க்க ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்தை நிர்வகிக்கும் துரை உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து எழவில்லை. மடியிலிருந்த பேனா உருண்டு தரையில் விழுந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்துச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு களஞ்சியத்தில் மூட்டைகளை எண்ணினோம். எண்ணிக்கை புத்தகத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியது. அக்கா கோப்பை மூடினார். கடைசி வரிசையைக் கடக்கும்போது எனக்கு ஒரு மணம் பட்டது. சலிக்கும் பகுதியில் வேலைசெய்யும் அம்மாவின் சேலையிலும் தலைமுடியிலும் ஒட்டிவரும் மணம். நாரும் தூசியுமாக ஒதுக்கப்படும் கழிவுத் தூள் அது. முதல்தரத் தூள் அடுக்கியிருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

அந்த வரிசையைப் பிரிக்கச் சொன்னேன். துரை சிரித்தார்.

"புள்ள எந்தத் தோட்டம்?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். "எங்கம்மா பெக்டரியில சலிக்கிறவங்க சார். அதனாலதான் கேக்குறேன். பிரிச்சுக் காட்டுங்க."

பதினொரு மூட்டைகள். எல்லாவற்றிலும் பழுப்பு நார். களஞ்சியப் பொறுப்பாளர் அவற்றை முதல்தரத் தூளாகப் பதிந்திருந்தார்.

திருத்திய பட்டியலை எடுத்துக்கொண்டு துரையே அலுவலக அறைக்கு வந்தார். நான் மறுபடியும் எழுந்து நின்றேன். நின்றபடியே ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். ஓரிடத்தில் அவருடைய கையொப்பம் இல்லை. அதையும் கேட்டு வாங்கினேன். அதுவரை அவரும் உட்காரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும் அக்கா கேட்டார்: "கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் ஓடிட் பண்ணப்போறியா?"

"கால் பழகிருச்சுக்கா. வாய் மூடிப் பழகலையே."

அவர் சிரித்துவிட்டு என் பதிவேட்டைக் கேட்டார். பஸ் குலுங்கியதில் கையெழுத்துக் கோணலாக விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். வாசிக்கத் தெரியாதவர், கோணல் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

இறுதி நிலைக்கு மறுநாளே விண்ணப்பித்துவிட்டேன். வருகிற வாரம் கம்பளைப் பக்கத்துத் தொழிற்சாலைக்கு நான்தான் பொறுப்பாகப் போகிறேன். அவர்களுக்கான கடிதம் இன்று காலை போய்விட்டது. கழிவுத் தூளைத் தனியாக அடுக்கிவைக்கவும் என்பதுதான் அதில் முதல் வரி.