இரட்டைக் குழலும் என் கண்ணும்

யுத்த காலத்தில், திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தத்தில் யானைக்கால் புழு தேடுவது என் உத்தியோகம். அதுவரை ஒற்றைக் குழல் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு காலம் தள்ளியவனுக்கு, இரண்டு கண்ணாலும் பார்க்கிற புதுக் கருவி வந்து சேர்ந்தது. அதைத் தொடும் உரிமை எனக்கு மட்டும் என்றதும் தலைகால் புரியவில்லை.

பார்த்தால் இரண்டு வட்டம் தெரிந்தது. இரண்டிலும் ஒரே புகை. சாயங்காலமானால் தலை பிளந்தது. பெரிய டாக்டர், "தெளிவாக் காணுதாடோ?" என்று கேட்கும்போதெல்லாம், "காணுது ஸார்" என்றேன். காணவில்லை என்றால் கண் போய்விட்டது என்று அர்த்தம். கண் போனால் உத்தியோகமும் போகும். உண்மையிலேயே பயந்துபோயிருந்தேன்.

வீட்டில் மட்டும் சொன்னேன். "ஸ்வாமிக்கு வெள்ளியில கண்மலர் சாத்தறதா நேர்ந்துக்கோங்கோ. விபூதியை நன்னாப் பூசிக்கோங்கோ, புருவத்துமேலயும்" என்றாள் மனைவி. நெற்றி, புருவம், இமை என்று சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் பூசிக்கொண்டு போனேன். புகை கூடியது. மறுநாள் விபூதியையும் கூட்டினேன்.

ஒரு நாள் பெரிய டாக்டரே வந்து கருவியில் குனிந்தார். உடனே நிமிர்ந்து, கண் வைக்கும் கண்ணாடியை விரலால் தடவி, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதென்னடோ, பஸ்மமோ?"

பிறகு என் நெற்றியைப் பார்த்தார். பதில் அங்கேயே இருந்தது.

பட்டுத் துணியால் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு என்னை உட்காரவைத்தார். "வலது கண்ணால மாத்திரம் பாத்து, தெளியற வரைக்கும் பக்கத்துத் திருகாணியைத் திருப்பி நிறுத்து. இனி இடது கண்ணு. அந்தக் குழல்ல ஒரு வளையம் உண்டல்லோ, அதை மட்டும் திருப்பு. இனி வட்டம் ஒண்ணாகிற வரைக்கும் ரெண்டு குழலையும் நெருக்கு. முறைச்சுப் பாக்காதே. சங்குமுகத்துல நின்னு கடல் பாக்கற மாதிரி பாரு."

அந்த வளையத்தை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

பார்த்தேன். ஒரே வட்டம். நடுவில் ஒரு புழு, உடம்பில் ஏறிய சாயம் புள்ளி புள்ளியாகத் தெரிய, சுகமாகப் படுத்திருந்தது. என் கண் போகவில்லை. யானைக்கால் புழுவைப் பார்த்து சந்தோஷத்தில் அழுதவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்ணீர் திரண்டு வட்டம் மறுபடி மங்கிவிட்டது.

"இப்போ காணுதா?"

"இல்லை ஸார்" என்றேன், முதல்முறையாக உண்மையாக.

கண்ணாடியை மறுபடி துடைக்கப் பட்டுத் துணியைத் தேடியவர் என் முகத்தைப் பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "மூஞ்சியைத் துடைடோ."

கண்ணீரையா, விபூதியையா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் துடைத்துக்கொண்டேன்.