கையில் பணத்தோடு கடன் கேட்டவள்

பட்ட கடனையெல்லாம் அடைத்து முடித்த பிறகுதான் பவுனம்மாளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. யாருக்கும் ஒரு காசு பாக்கியில்லை. அப்படியிருந்தும் மலாய் நாட்டு ரயில்வே பேட்டையான பிரிக்பீல்ட்ஸில் எந்தக் கடையிலும் அவளுக்கு ஒரு படி தவிடு கடனாகக் கிடைக்கவில்லை. ஏன்?

வேறொருத்தியாக இருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பாள். பவுனம்மாளால் எதையும் கேட்காமல் இருக்க முடியாது. ரயில் இஞ்சின் எதற்கு இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று டிரைவரையே நிறுத்திக் கேட்டவள். தண்டவாள வேலையில் இருந்த புருஷன் காய்ச்சலில் போனபின் ஒரு மாட்டை வைத்துக்கொண்டு ரயில்வே குவாட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். அந்த வீடுகளில் அவளுக்குக் 'கேள்விக்காரி' என்று பெயர்.

அவளுக்குக் கெட்ட பெயர் வந்தது சீட்டால். ரப்பர் விலை விழுவதற்கு முந்தின வருஷம் குவாட்டர்ஸ் பெண்களைச் சேர்த்துச் சீட்டு பிடித்தாள். எல்லோரும் மாதாமாதம் பணம் போட, மாதம் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். அவர்களில் மாரியாயி என்பவள் தன் முறைப் பணத்தை எடுத்துப் போகாமல், மகள் கல்யாணத்துக்கு ஆகட்டும் என்று பவுனம்மாளிடமே விட்டுவைத்தாள். சும்மா கிடக்கிற பணம்தானே என்று பவுனம்மாள் அதில் இரண்டு கறவை மாடு வாங்கினாள். கல்யாணத்துக்குள் பால் விற்றுப் பணத்தைத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாள். மாடுகளுக்குக் கோமாரி வந்தது. இரண்டும் செத்தன.

கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு மாரியாயி வந்து கதவைத் தட்டினாள். பவுனம்மாள் திறக்கவில்லை. உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளிலிருந்து மாரியாயி வீட்டு வரிசைப் பக்கமே போகாமல், ரயில்வே பட்டறைக்குப் பின்னால் சுற்றிப் போய்ப் பால் ஊற்றினாள். கல்யாணம் தள்ளிப் போயிற்று. மாரியாயி நடுத்தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மற்ற பெண்களும் தங்கள் பணத்தைக் கேட்டு வந்தார்கள். சீட்டு உடைந்தது.

பிறகு பவுனம்மாள் வளையலை விற்றாள், தோட்டை விற்றாள். மீதியைப் பாலாக ஊற்றிக் கழித்தாள். வருஷங்கள் ஆயின. கடைசிப் பாக்கியை மாரியாயியின் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தபோது மாரியாயி எண்ணிப் பார்த்துக்கொண்டாளே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது இருக்கிற கிழட்டு மாட்டின் பால் குறைந்துகொண்டே வந்தது. புதுமாடு வாங்க வேண்டும். மொத்தப் பணம் கொடுத்து மாடு வாங்க அவளால் ஆகாது. தவணைக்குத்தான் வாங்க முடியும். தவிடே கடனாகக் கிடைக்காதவளுக்கு மாடு யார் கொடுப்பார்கள்?

முதலில் மளிகைக்கடை நாகையாவிடம் போய் நேராகவே கேட்டாள்.

"எல்லாரோட கடனையும் அடச்சிட்டேன் அண்ணே. இன்னும் ஏன் என்னை நம்ப மாட்டேங்கிறீங்க?"

நாகையாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ அடச்சதை யாரு பார்த்தா? ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலயும் மெல்லக் குடுத்துட்டு வந்துட்ட. நீ குடுக்காததைத்தான் ஊரே தெருவில நின்னு பார்த்துச்சு."

இது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. ஆனால் அது பாதி பதில். கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்? ஆம்பாங் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தும் கிட்டங்கி ஒன்றுக்கு அவள் பால் ஊற்றி வந்தாள். ஒருநாள் பாலை அளந்துவிட்டு, கைப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்த ஏஜெண்டு செட்டியாரிடம் கேட்டுவிட்டாள்.

"ஐயா, ஒரு ஆளு வந்து கடன் கேட்டா, இவன் திருப்பிக் குடுப்பான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

பால்காரி இப்படிக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசப் பிடிக்காதவர் யார்? "வட்டி எவ்வளவுன்னு கேக்காமக் கையை நீட்டுறவனுக்கு நான் குடுக்கறதில்லை. கட்டுற எண்ணம் இருக்கறவன் வட்டியைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிப்பான். கட்டாதவனுக்கு எந்த வட்டியா இருந்தா என்ன?"

"அப்ப, பழைய கடனையெல்லாம் அடச்ச நான் வந்து மல்லுக்கு நின்னா எனக்குக் குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"ஏன் ஐயா?"

"நீ பழைய கடனை அடைச்சே. சரி. அதுக்கப்புறம் யார்கிட்ட வாங்கினே, எப்பக் கட்டினே? ஒண்ணும் இல்லையே. எனக்கு உன்னைப் பத்தி என்ன தெரியும்?"

ஆற்றோரமாகக் காலிப் பால்குடத்தோடு நடந்து வரும்போது இதையே திருப்பித் திருப்பி யோசித்தாள். கடன் வாங்கினால்தான் நம்புவார்கள். நம்பினால்தான் கடன் கொடுப்பார்கள். இந்த முடிச்சில் நுனி எங்கே இருக்கிறது? வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அதே யோசனை. மாடு குடித்து முடித்து வாளியைத் தட்டிவிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து, இந்தியப் பள்ளிவாசல் பக்கம் தவிடும் புண்ணாக்கும் விற்கிற மீரா லெப்பையின் கடைக்குப் போனாள். அவளுக்கு முன்னாலேயே அவள் பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவளைக் கண்டதுமே அவர், "கடன் இல்லேம்மா" என்றார்.

பவுனம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதுதான்.

"இதை நீங்க வச்சுக்குங்க பாய். இதுக்குள்ள அடங்கற அளவுக்கு எனக்குப் புண்ணாக்கு கடனாக் குடுங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் தனியாக் காசு கொண்டாந்து கட்டுறேன். இந்தப் பணத்தைத் தொடாதீங்க. நான் ஏமாத்தினா இதை எடுத்துக்குங்க."

லெப்பை பணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கையில காசு இருக்குல்ல? குடுத்துட்டு வாங்கிட்டுப் போ லா. கடன் எதுக்கு?"

"புண்ணாக்கு மட்டும் போதும்னா காசுக்கே வாங்கிடுவேன். எனக்குக் கடன்தான் வேணும் பாய்."

அவர் முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறவர். இப்படி யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. இதில் என்ன சூது இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பணம் தன் பெட்டியில் இருக்கும்போது தனக்கென்ன நட்டம்? இவள் என்னதான் செய்யப்போகிறாள் என்று பார்க்கிற ஆசையும் அவருக்கு வந்துவிட்டது. ஒரு மூட்டையைத் தூக்கிப் போடச் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் பவுனம்மாள் வந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அல்ல. நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்து வந்து, எல்லோர் கண்முன்னாலும் காசை வைத்தாள். நாகையா சொன்னதை அவள் மறக்கவில்லை. மாதங்கள் போயின. லெப்பை வாங்கிப் போட்டுக்கொண்டாரே தவிர நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் எத்தனை சனிக்கிழமை கட்டினால் இவர் மனசு மாறும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் மாடு மடிவீக்கம் கண்டு பாலை நிறுத்திவிட்டது. மருந்துக்குப் போனது போக, அந்தச் சனிக்கிழமை அவள் கையில் ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததுமே போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றிற்று. மாடு சரியானதும் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் போகிறது. கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாரியாயி தட்டிய அதே கதவு. பிறகு திறந்துகொண்டு வெளியே நடந்தாள்.

லெப்பை அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்குக் காசு இல்ல பாய். மாடு கறக்கல. வர்ற புதன்கிழமை கொண்டாறேன்."

"உன் பணம்தான் எங்கிட்ட இருக்கே, அதுல கழிச்சுக்கவா?"

"வேணாம். அதைத் தொடாதீங்க. புதன்கிழமை வரேன்."

புதன்கிழமை, குவாட்டர்ஸில் இரண்டு வீட்டுத் துணியைத் துவைத்துக் கொடுத்துச் சம்பாதித்த காசோடு போனாள். லெப்பை அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, வேறொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவள் ஆரம்பத்தில் கொடுத்த பணம்.

பவுனம்மாள் அதை வாங்கக் கை நீட்டவில்லை. "ஏன் பாய், கணக்கை முடிச்சிட்டீங்களா?"

"இல்ல. இனிமே ஈடு வேணாம். நீ சும்மாவே வாங்கிட்டுப் போ."

"ஒழுங்காக் கட்டின மாசமெல்லாம் சும்மா இருந்தீங்க. தவறின வாரத்துல திருப்பித் தர்றீங்களே?"

"காசு இருக்கற அன்னிக்கு எல்லாரும் கட்டுவாங்க. இல்லாத அன்னிக்கு நீ என்ன செய்யறேன்னு பார்க்கணும்னு இருந்தேன்."

பவுனம்மாள் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

செந்தூலில் மாடு வளர்த்து விற்கிற சிங் ஒருவர் இருந்தார். தமிழும் தெரியாது, அதிகப் பேச்சும் பிடிக்காது. பவுனம்மாள் போய்த் தவணைக்கு மாடு கேட்டதும், பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாயில் "சியாப்பா ஜாமின்?" என்று கேட்டார். யார் ஜாமீன் என்று அர்த்தம். பவுனம்மாள் லெப்பையிடம் ஓடினாள். லெப்பை ஜாமீன் நிற்க ஒப்பவில்லை. "அது என் வழக்கமில்லை. பார்த்ததை வேணும்னா சொல்றேன்" என்று கூடவே வந்தார். சனிக்கிழமைகளைச் சொன்னார், அந்த ஒரு புதன்கிழமையையும் சொன்னார். சிங் தாடியை நீவிக்கொண்டு கேட்டுவிட்டு, தவணை இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொன்னார். பவுனம்மாள் கூடுதல் என்றாள். சிங் முடியாது என்றார். அவள் விடவில்லை. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அரைகுறை மலாயில் மல்லுக்கு நின்று, கடைசியில் தவணையில் ஒரு வெள்ளிப் பணத்தைக் குறைத்துக்கொண்டு சிங் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

கரும்பழுப்பு மாடு, இளசு. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் சுற்றாமல் குவாட்டர்ஸ் வரிசை வழியாகவே ஓட்டி வந்தாள். மாரியாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து மாட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"கடனா?"

"கடன்தான் அக்கா. சிங்குக்குத் தவணை கட்டணும்."

மாரியாயி மாட்டின் முதுகைத் தடவினாள். வெகுநாள் கழித்து அவள் பேசுகிறாள் என்பதே பவுனம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நல்லா இருக்கு. நாளையிலேர்ந்து எனக்கும் பால் ஊத்து, அன்னன்னிக்குக் காசு தந்துடறேன்" என்றாள் மாரியாயி. திரும்பி நடந்தவள் நின்று, "சீட்டுன்னு மட்டும் எங்கிட்ட வந்துடாத" என்றாள்.

"வரமாட்டேன் அக்கா."

மாரியாயி சிரித்தாளா, முகத்தைச் சுளித்தாளா என்று அந்த மங்கலில் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டே பவுனம்மாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.