தை வளர்பிறைவரை கேட்ட தவணை

ரப்பர் விலை விழுந்த காலத்தில் அக்காவும் நானும் மலாயாவில் சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரே கப்பலில் வந்தவர்கள். லயம் என்ற கூலி வரிசையில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தோம். ஆள் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே கதிதான் என்று நினைத்தேன். ஆனால் கங்காணி வந்து படித்த பெயர்களில் எங்கள் இரண்டு வீட்டில் அக்கா வீட்டுப் பெயர் மட்டும் இருந்தது. அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

அக்காவின் கணவருக்குச் சோதிடம் தெரியும். லயத்தில் பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் கேட்க அவரிடம்தான் வருவார்கள். அட்டை கிழிந்த பஞ்சாங்கத்தை விரித்து, வெகுநேரம் விரல்விட்டு எண்ணினார்.

"மார்கழி தேய்பிறை. போதாததுக்கு அமாவாசையில உங்கக்கா ராசிக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் எட்டுல நிக்கிறப்ப கடல் தாண்டலாமா, நீயே சொல்லு."

"எல்லாரும் போறப்ப சேந்து போனா துணையாவது இருக்கும் மாமா," என்றேன்.

"போக மாட்டேன்னா சொன்னேன்? தை பொறக்கட்டும். வளர்பிறையில போறோம். நெலா தேயிறப்ப கெளம்புனா போற எடத்துலயும் ஒண்ணும் தங்காது."

ஊரில் போய் நிற்க அவர்களுக்கு ஒரு வீடும் கிடையாது. நாள் தள்ளிப்போவது அக்காவுக்கும் வேண்டியிருந்தது.

கங்காணி துரையிடம் கெஞ்சித் தவணை வாங்கிக் கொடுத்தார். பெயர் வெட்டப்பட்ட மற்றக் குடும்பங்கள் ரயிலேறிப் போயின. அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. ஆறு பெருகிக் கீழ் லயத்து வாசல்வரை வந்தது. தண்ணீர் வடியும்போதே காய்ச்சல் பரவியது. மாமாவும் படுத்தார். கொயினா மாத்திரை கொடுத்தார்கள், குளிர் நடுக்கம் நிற்கவில்லை. அமாவாசையன்று காலையில் இறந்துபோனார். வெட்ட வெட்டக் குழியில் தண்ணீர் ஊறியதாம். வாளியால் இறைத்துவிட்டுத்தான் இறக்கினோம் என்று என் கணவர் வந்து சொன்னார்.

மாமா குறித்த நாள் தையில் வந்தது. "இன்னொரு தடவ தொரைகிட்டப் போய் நிக்க முடியாதும்மா," என்று கங்காணி கையை விரித்துவிட்டார்.

ரயிலடிக்கு நானும் போனேன். வெறும் நெற்றியோடு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்த அக்கா, வண்டி வந்ததும் எழுந்தாள்.

"நல்ல நாளு பாத்துத்தான் குறிச்சாரு," என்றாள். "போயிட்டு வரேன்னு இனிமே எங்க சொல்றது. போறேன்."

மாமாவைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. கணக்கை அவர் தப்பாகப் போடவில்லை. நிலா அதன்பாட்டுக்குத் தேய்ந்தது, அதன்பாட்டுக்கு வளர்ந்தது. பெயர் வெட்டப்பட்ட அன்றே அவர்களுடைய இந்த வாழ்வு முடிந்துவிட்டது. முடிந்ததை ஏற்றுக்கொள்ள மனசு வராமல் அதற்கொரு நாள் தேடினோம். முன்னமே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? கப்பலிலும் காய்ச்சல் உண்டு, இறங்கிய கரையில் பசியும் உண்டு. எந்தப் பிறையிலும் எங்களுக்கு ஒரு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்போது எங்கள் இருவருக்கும் எழுதத் தெரியாது. ஊரிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அக்காவைப் பற்றி விசாரித்தேன். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. சில வருஷங்களில் கேட்பதை விட்டுவிட்டேன்.